தடுமாறும் இளம் குவாட்டர்பேக்: அணி எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். எதிரணி நிற்கும் விதத்தைப் படிப்பதும், பந்து கைக்கு வந்த மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது, எறியாமல் விடுவதா, தானே பந்தோடு ஓடுவதா என்று முடிவெடுப்பதும் அவர் வேலை. தேசியக் கால்பந்து லீக்கின் (என்எஃப்எல்) 32 அணிகளும் இப்படி ஒருவரைத் தேடி, ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாடு 1936இல் தொடங்கியது. முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் முறை கிடைக்கும்.

சிக்கலின் வேர் இந்த விதியிலேயே இருக்கிறது. மிகுந்த நம்பிக்கைக்குரிய இளைஞர் பெரும்பாலும் மிகப் பலவீனமான அணிக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே அவர் தடுமாறினால், குறை அவரிடமா அணியிடமா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. அவரை எத்தனை ஆட்டங்கள், எத்தனை சீசன்கள் பொறுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றைப் பொறுமை வாதம், பெஞ்சு வாதம், கணக்கு வாதம், சூழல் வாதம் என நான்காக வகுக்கலாம்.

பொறுமை வாதம்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதே இவற்றில் பழைய விடை. இதற்குச் சான்றாக அடுக்கப்படும் பெயர்கள் கனமானவை. 1970இல் முதல் தேர்வாகப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு வந்த டெரி பிராட்ஷா, முதல் சீசனில் 6 டச்டவுன்களுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளிகளுக்கு, மட்டுமே பந்தை எறிந்தார். 24 முறை அவர் எறிந்த பந்தை எதிரணி பறித்தது. இப்படிப் பறிபோவதை இன்டர்செப்ஷன் என்பார்கள். 1974 சீசனின் தொடக்கத்தில்கூட அவர் இடம் ஜோ கில்லியமுக்குப் போயிருந்தது. அதே சீசனின் முடிவில் பிராட்ஷா லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். ஆறு சீசன்களில் நான்கு முறை அந்தக் கோப்பை அவர் கைக்கு வந்தது.

டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் ட்ராய் எய்க்மன் 1989இல் தொடக்கத்திலிருந்து களமிறங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். நான்காவது சீசனில் கோப்பையை வென்று, பின்னர் மேலும் இரண்டு சேர்த்தார். 1998இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் பேட்டன் மேனிங் 28 இன்டர்செப்ஷன்கள் கொடுத்தார். புதுவரவு ஒருவர் ஒரே சீசனில் கொடுத்தவற்றில் அதுவே மிக அதிகம். அந்த ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி என்று முடித்த அணி மறு ஆண்டே 13 வெற்றி, 3 தோல்வி என்று புரட்டிப் போட்டது.

இந்த வாதம் உருவான காலத்தில் பொறுமைக்கு விலை குறைவு. வீரர்கள் தடையின்றி அணி மாறும் உரிமை 1993இல்தான் வந்தது. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 1994இல் வந்தது. அதற்கு முன் தேர்ந்தெடுத்த வீரர் ஏறக்குறைய அணியின் உடைமைபோல இருந்தார். ஐந்து ஆண்டு காத்திருந்து பலன் வந்தால் அந்தப் பலன் காத்திருந்த அணிக்கே கிடைக்கும்.

வாதத்தின் பலவீனம் அதன் சான்றுப் பட்டியலிலேயே உள்ளது. பிழைத்து வந்தவர்களின் பெயர்கள்தான் நினைவில் நிற்கின்றன. மேனிங்குக்கு அடுத்த தேர்வாக அதே 1998இல் சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு வந்த ரயன் லீஃப், முதல் சீசனில் 2 டச்டவுன்களும் 15 இன்டர்செப்ஷன்களும் எறிந்தார், பிறகும் தேறவில்லை. 2007இன் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸலை ஓக்லண்ட் ரெய்டர்ஸ் மூன்று சீசன்கள் பொறுத்து 2010இல் விடுவித்தது. முதல் சீசன் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பிராட்ஷாவையும் லீஃபையும் பிரித்தறிய வழியில்லை. மோசமான தொடக்கம் தேறுவதைத் தடுக்காது என்பதற்கு மட்டுமே பொறுமை வாதம் சான்று தருகிறது. யார் தேறுவார் என்பதை அது சொல்வதில்லை.

பெஞ்சு வாதம்

இரண்டாவது விடை கேள்வியையே மாற்றிப் போடுகிறது. தடுமாறவிட்டுப் பொறுப்பதைவிட, தயாராகும்வரை களத்தில் இறக்காமல் மூத்த வீரர் ஒருவரின் பின்னால் உட்கார வைப்பது மேல் என்கிறது.

கிரீன் பே பேக்கர்ஸ் இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் அணி. 2005இல் 24ஆவது தேர்வாக வந்த ஆரன் ராஜர்ஸ், பிரெட் ஃபாவ்ரின் பின்னால் மூன்று சீசன்கள் காத்திருந்து 2008இல் பொறுப்பேற்றார். 2010 சீசனின் சூப்பர் பௌலை வென்றார். 2020இல் 26ஆவது தேர்வான ஜோர்டன் லவ், அதே ராஜர்ஸின் பின்னால் மூன்று சீசன்கள் இருந்துவிட்டு 2023இல் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் இருந்து ஒரே ஒரு ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடினார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன்களுடன் லீக்கின் சிறந்த வீரர் விருது பெற்றார்.

ஆனால் இந்த மூவரும் போய்ச் சேர்ந்தவை ஓரளவு வலுவான அணிகள். அங்கே உட்கார வைக்க முடிந்ததற்குக் காரணம், ஏற்கெனவே நல்ல குவாட்டர்பேக் இருந்ததுதான். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. ராஜர்ஸ் வெற்றி கண்டது காத்திருந்ததாலா, நல்ல அணியில் இருந்ததாலா, எங்கிருந்தாலும் வென்றிருப்பாரா என்பது பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. மறுபக்கம், பிட்ஸ்பர்க்கின் பென் ராத்லிஸ்பர்கர் 2004இல் புதுவரவாக வழக்கச் சீசனில் ஆடத் தொடங்கிய 13 ஆட்டங்களிலும் வென்றார். காத்திருக்காதவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பொதுவிதி எழுத இடமில்லை.

பயிற்சி நேரமும் சுருங்கிவிட்டது. 2011இல் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம், சீசன் நடக்கும்போது முழுக் கவசம் அணிந்த பயிற்சிகளை 14ஆகக் குறைத்தது. ஒவ்வொரு வாரப் பயிற்சியிலும் பெரும்பகுதி அடுத்து ஆடப்போகிறவருக்கே ஒதுக்கப்படுவதால், பெஞ்சில் இருப்பவர் பார்த்துக் கற்பது அதிகம், செய்து கற்பது குறைவு.

ஒப்பந்தக் கணக்கு

மூன்றாவது விடை வரவு செலவுப் புத்தகத்திலிருந்து வருகிறது. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட், செயின்ட் லூயிஸ் ராம்ஸுடன் 7.8 கோடி டாலருக்கு ஆறாண்டு ஒப்பந்தம் செய்தார். அதில் 5 கோடி எந்நிலையிலும் கொடுத்தாக வேண்டியது. மறு ஆண்டு புதிய விதிகள் வந்தன. 2011இன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி டாலர்தான் கிடைத்தது.

புதுவரவுகளின் சம்பளம் விழுந்ததால் இரண்டு விளைவுகள் உண்டாயின. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தேர்வு தவறானால் அணிக்கு ஏற்படும் நட்டம் குறைந்தது, ஆகவே கைவிடுவது எளிதானது. அதே வேளையில், திறமையான குவாட்டர்பேக் மலிவான சம்பளத்தில் இருக்கும் நான்கைந்து ஆண்டுகள் பொன்னான காலம் ஆயின. மீதிப் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல வீரர்களை வாங்கலாம். 2024இல் அணி ஒன்றின் சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர். அந்த ஆண்டு ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் தன் குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸுக்கு எழுதிக்கொடுத்த நீட்டிப்பு ஐந்தாண்டுக்கு 27.5 கோடி, ஆண்டுக்குச் சராசரி 5.5 கோடி. இந்த இரு எண்களையும் பக்கத்தில் வைத்தால், தேறாத ஒருவரோடு கழியும் ஒவ்வொரு சீசனும் எவ்வளவு விலை பிடிக்கும் என்பது விளங்கும்.

முதல் சுற்றுத் தேர்வுகளுக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டு நீட்டிப்பு உரிமை அணிக்கு உண்டு. மூன்றாம் சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் அதைப் பயன்படுத்துவதா விடுவதா என்று சொல்லிவிட வேண்டும். 2018இல் தேர்வானவர்கள் முதல், பயன்படுத்தியவுடனே முழுத்தொகையும் உறுதியாகிவிடுகிறது. காலக்கெடு மூன்று சீசன் என்ற இன்றைய பொதுக்கருத்து பெரும்பாலும் இந்தத் தேதியிலிருந்து பிறந்தது. குவாட்டர்பேக் முதிர்வதற்கு மூன்று ஆண்டு ஆகும் என்ற ஆட்ட அறிவிலிருந்து வந்ததாக அதைக் கருத முடியாது.

நாட்காட்டியை மட்டும் நம்புவதன் ஆபத்தை நியூயார்க் ஜயன்ட்ஸ் காட்டியது. 2019இன் ஆறாவது தேர்வான டேனியல் ஜோன்ஸின் நீட்டிப்பு உரிமையை 2022இல் அது விட்டுக்கொடுத்தது. அந்த ஆண்டு அவர் அணியை பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுக்குக் கொண்டுபோய் அங்கே ஓர் ஆட்டமும் வென்றார். 2023 மார்ச்சில் நான்காண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. மூன்று ஆண்டுகள் தந்த முடிவை நான்காம் ஆண்டு மாற்றியது. அந்த மாற்றத்தை ஆறாம் ஆண்டு பொய்யாக்கியது.

போட்ட முதலும் விட்டகலும் துணிவும்

ஒப்பந்தக் கணக்கோடு ஒட்டியே நடத்தையியல் ஆய்வும் வளர்ந்தது. பாரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் பற்றியது. ஆட்டத்திறனைக் கணக்கில் கழித்த பிறகும், டிராஃப்டில் முன்னால் தேர்வானவர்களுக்கு அதிக ஆட்ட நேரம் கிடைத்ததையும், அவர்கள் நீண்டகாலம் லீக்கில் நீடித்ததையும் அது கண்டது. செலவழித்துவிட்டோமே என்பதற்காக மேலும் செலவழிக்கும் மனநிலைக்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்களில் சிலர் விளைவின் அளவு குறைவு என்று வாதிட்டனர், சிலர் விளைவு இருப்பதையே கேள்விக்குள்ளாக்கினர். கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் என்எஃப்எல் டிராஃப்டை ஆராய்ந்து, மேல்நிலைத் தேர்வுகளுக்கு அணிகள் அவற்றின் தகுதிக்கு மேல் விலை தருகின்றன என்று முடிவு செய்தனர்.

இந்த நோக்கில், எதைக் கொடுத்து வாங்கினோம் என்பது முடிவில் இடம்பெறவே கூடாது. அடுத்த ஆட்டம் முதல் இவர் தரப்போவது என்ன, வேறொருவர் தரக்கூடியது என்ன என்ற ஒப்பீடு மட்டுமே வேண்டும். அரிஸோனா கார்டினல்ஸ் 2018இல் பத்தாவது தேர்வாக எடுத்த ஜோஷ் ரோசனை ஒரே சீசனில் கைவிட்டது. 2019இன் முதல் தேர்வு கையில் வந்ததும் கைலர் மர்ரேயை எடுத்து, ரோசனை மயாமி டால்ஃபின்ஸுக்கு மாற்றியது. இருவரையும் தேர்ந்தெடுத்தவர் ஒரே பொது மேலாளர் ஸ்டீவ் கைம். தன் தேர்வைத் தானே கைவிட எவரும் துணியார் என்ற எண்ணத்துக்கு இது விலக்கு. சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து 2021இல் ட்ரே லான்ஸைப் பெற்றது. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுத்த பிராக் பர்டி நன்றாக ஆடியதும், நான்கே ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்த லான்ஸை 2023இல் டல்லஸுக்கு அனுப்பியது.

இந்த இரண்டிலும் அணியின் கையில் தெளிவான மாற்று இருந்ததைக் கவனிக்க வேண்டும். மாற்று இருந்தாலும் ஆட்டம் மாறும் என்ற உறுதி இல்லை. டேம்பா பே பக்கனீர்ஸ் 1987இல் ஸ்டீவ் யங்கை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டு, முதல் தேர்வாக வின்னி டெஸ்டவர்டேயை எடுத்தது. யங் டேம்பாவில் களமிறங்கிய 19 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றிருந்தார். புதியவர் 1988இல் 35 இன்டர்செப்ஷன்கள் கொடுத்தார். யங்கோ ஜோ மான்டனாவின் பின்னால் காத்திருந்து, இரண்டு முறை சிறந்த வீரர் விருதும் 1994 சீசனின் சூப்பர் பௌலும் பெற்றார். ஆளை மாற்றிய பக்கனீர்ஸுக்கு ஆட்டம் மாறவில்லை.

சூழல் வாதம்

யங்கின் கதை நான்காவது விடைக்கு வழிவிடுகிறது. குவாட்டர்பேக்கின் எண்கள் அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வரிசையின் எண்களும்தான், பந்தைப் பிடிப்பவர்களின் எண்களும்தான், பயிற்சியாளரின் எண்களும்தான் என்கிறது இந்த வாதம்.

2005இன் முதல் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்துக்கு சான் பிரான்சிஸ்கோவில் முதல் நான்கு ஆண்டுகளில் நான்கு தாக்குதல் பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய ஆட்டமுறை, புதிய கலைச்சொற்கள். ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளரான 2011இல், ஏழாம் ஆண்டில், அணி 13 வெற்றிகளைப் பெற்றது. ஸ்மித் கொடுத்த இன்டர்செப்ஷன்கள் ஐந்து மட்டுமே. 2016இன் முதல் தேர்வான ஜாரெட் காஃப், ராம்ஸ் அணியில் ஜெஃப் ஃபிஷரின் பயிற்சியில் தொடங்கிய முதல் சீசனில் ஆடத் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். மறு ஆண்டு ஷான் மெக்வே வந்ததும் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அதற்கடுத்த ஆண்டு சூப்பர் பௌல் ஆட்டம். எதிர்ப்புறத்தில் டேவிட் கார் நிற்கிறார். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் முதல் தேர்வான அவர், அந்தச் சீசனில் மட்டும் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். சாக் எனப்படும் இந்த வீழ்த்தலில் அதுவே இன்றும் ஒரு சீசனின் உச்சம்.

சூழல் வாதத்தின் பலவீனம் அதை எல்லாவற்றுக்கும் சாக்காக்கிவிட முடியும் என்பது. வீழ்த்தப்படுவதற்கு வரிசை மட்டும் காரணமல்ல. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பவர் எந்த வரிசையின் பின்னாலும் அடிக்கடி வீழ்வார் என்று பகுப்பாய்வாளர் பலர் கருதுகின்றனர். 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜோ பர்ரோ 51 முறை வீழ்த்தப்பட்டார், லீக்கிலேயே மிக அதிகம். அதே சீசனில் அணியைச் சூப்பர் பௌல் ஆட்டம்வரை கொண்டுபோனார்.

2018இன் ஐவர்

நான்கு வாதங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க 2018 டிராஃப்டின் முதல் சுற்று உதவுகிறது. அதில் ஐந்து குவாட்டர்பேக்குகள் தேர்வானார்கள். முதலாவதாக க்ளீவ்லண்ட் பிரௌன்ஸுக்கு பேக்கர் மேஃபீல்ட், மூன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு சாம் டார்னால்ட், ஏழாவதாக பஃபலோ பில்ஸுக்கு ஜோஷ் ஆலன், பத்தாவதாக அரிஸோனாவுக்கு ரோசன், 32ஆவதாக பால்டிமோர் ரேவன்ஸுக்கு லமார் ஜாக்சன்.

ஆலன் எறிந்த பந்துகளில் சகவீரர்கள் பிடித்தவை முதல் ஆண்டு 52.8 சதவீதம், இரண்டாம் ஆண்டு 58.8, மூன்றாம் ஆண்டு 69.2. இடையில் தலைமைப் பயிற்சியாளரும் தாக்குதல் பயிற்சியாளரும் மாறவில்லை. 2020 மார்ச்சில் ஸ்டெஃபன் டிக்ஸ் என்ற தேர்ந்த பிடிப்பாளரை அணி வாங்கியது. 2024இன் சிறந்த வீரர் ஆலன். பொறுமை வாதம் இதைத் தன் வெற்றி என்கிறது, சூழல் வாதமும் அப்படியே. ஜாக்சனுக்காகப் பால்டிமோர் தன் ஆட்டமுறையையே திருத்தி எழுதியது; அவர் இரண்டாம் சீசனிலேயே சிறந்த வீரர் ஆனார். பொறுமை அங்கே தேவைப்படவேயில்லை.

டார்னால்டை ஜெட்ஸ் மூன்று சீசன்கள் பொறுத்து 2021இல் விட்டது. வேறு அணிகளைச் சுற்றிவந்த அவர் 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு 14 வெற்றிகளும் 35 டச்டவுன்களும் தந்தார். மேஃபீல்டை க்ளீவ்லண்ட் 2022இல் விட்டது. 2024இல் அவர் டேம்பாவில் 41 டச்டவுன்கள் எறிந்தார். ஜெட்ஸும் க்ளீவ்லண்டும் தவறு செய்தன என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். இருவரும் ஆறேழு ஆண்டுக்குப் பின், வேறு பயிற்சியாளர்களிடம் தேறினார்கள். பழைய அணியில் அவ்வளவு காலம் இருந்திருந்தால் தேறியிருப்பார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ரோசன் பிற அணிகளிலும் நிலைக்கவில்லை. அரிஸோனாவின் ஓராண்டு முடிவு சரியென அது காட்டலாம். ஓராண்டுக் குலைவே அவரைக் கெடுத்தது என்றும் கொள்ளலாம்.

எதைப் பார்த்து முடிவு செய்வது

ஒரு சீசன் 17 ஆட்டம். முழுதும் ஆடுபவர் சுமார் ஐந்நூறு முறை பந்தை எறிகிறார். இன்டர்செப்ஷன் போன்ற அரிய நிகழ்வுகளுக்கு இது சிறிய எண்ணிக்கை. ஆண்டுக்கு ஆண்டு அவை பெரிதும் ஏறி இறங்குகின்றன. ஆகவே பயிற்சியாளர்கள் முடிவைவிட முறையைப் பார்க்க முயல்கிறார்கள்: சரியான ஆளைக் கண்டாரா, நேரத்துக்கு எறிந்தாரா, செய்த தவற்றை மறுபடி செய்கிறாரா. இந்த மதிப்பீட்டில் பார்ப்பவரின் விருப்பு வெறுப்பு கலப்பதைத் தவிர்க்க முடியாது.

தற்காலிகமாக உட்கார வைப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல என்பதும் அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற கருத்து. சான் டியேகோ 2003இல் ட்ரூ பிரீஸை உட்கார வைத்தது. 2004 டிராஃப்டில் அவருக்கு மாற்றாக ஃபிலிப் ரிவர்ஸையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டே பிரீஸ் எழுந்து நின்றார். பின்னர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் சூப்பர் பௌல் வென்றார். கரோலைனா பேந்தர்ஸ் 2023இல் முதல் தேர்வாக எடுத்த பிரைஸ் யங், முதல் சீசனில் 16 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றார். 2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் அவரை உட்கார வைத்தார்கள். அவருக்குப் பதிலாக ஆடிய ஆண்டி டால்டன் கார் விபத்தில் காயமடைந்ததால் அக்டோபரில் யங் திரும்பினார். சீசனின் பிற்பகுதியில் தெளிவாக மேம்பட்டு ஆடினார். இடைவெளி உதவியதா, புதிய பயிற்சியாளரின் முறை பழகியதா என்று பிரிக்க இங்கும் வழியில்லை.

முடிவெடுப்பவர் யார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அடுத்த தோல்வியில் வேலை போகக்கூடிய பயிற்சியாளருக்கு மூன்றாண்டுப் பொறுமையால் பயனில்லை. தேர்ந்தெடுத்த மேலாளருக்குத் தன் பெயரைக் காக்க வேண்டும். புதிதாக வந்த மேலாளருக்கு முந்தையவரின் தேர்வை விட்டுவிடுவதில் இழப்பில்லை. அணியின் நலன் என்று சொல்லப்படுவதில் இந்தக் கணக்குகள் கலந்தே இருக்கின்றன.

எஞ்சும் கேள்விகள்

நான்கு வாதங்களையும் எடைபோட்டால், நிலையான கால அளவு எதற்கும் வலுவான ஆதாரம் இல்லை என்பது தெரிகிறது. மூன்று சீசன் என்பது ஒப்பந்த விதி தந்த எல்லை. அந்த விதி மாறினால் எல்லையும் மாறும். ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. டிராஃப்டில் கொடுத்த விலை, காத்திருப்பதற்குக் காரணமாகக் கூடாது. அணி தன் பங்கைச் செய்யாத நிலையில் காத்திருப்பு எதையும் வெளிப்படுத்துவதில்லை. நிலையான பயிற்சியாளரும் தாங்கக்கூடிய தடுப்பு வரிசையும் இருக்கும்போது ஓராண்டு சொல்லும் செய்தி, இவை இல்லாத மூன்றாண்டுகள் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். பஃபலோவின் பொறுமையும் ஜெட்ஸின் பொறுமையும் கால அளவில் ஏறக்குறைய ஒன்றே. அந்தக் காலத்தில் வீரரைச் சுற்றி அணி எதைக் கட்டியது என்பதில்தான் வேறுபாடு.

தீராதவை பல. மோசமான அணியில் தொடர்ந்து அடிபடுவது திறமையை நிரந்தரமாகக் கெடுக்குமா, அல்லது திறமை இல்லாததை வெளிக்காட்டுவதோடு நிற்குமா என்பது முதலாவது. உட்கார வைத்தல் உண்மையில் கற்பிக்கிறதா என்பது இரண்டாவது. ஆறாம் ஆண்டில் வேறு அணியில் ஒருவர் தேறுவது காட்டுவது முதல் அணியின் தவறையா, இரண்டாம் அணியின் திறமையையா என்பது மூன்றாவது. ஒரே வீரரை இரண்டு அணிகளில் ஒரே நேரத்தில் வளர்த்துப் பார்க்க முடியாத வரை, இவற்றுக்குக் கிடைப்பவை ஊகங்களாகவே இருக்கும்.